பன்னிரண்டரையும் ஐந்தும்: நமது தேர்தல் முறையின் கதை

நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

மாகாண சபைத் தேர்தல், புதிய யாப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்களின் பக்கங்களில் இரண்டு வசனங்கள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்று: "விகிதாசார முறை ஜே.ஆர். சிறுபான்மைக்குக் கொடுத்த கொடை, அதில் கை வைத்தால் நாம் முடிந்தோம்." மற்றது: "பழைய தொகுதி முறைதான் நல்லது, அப்போது எங்கள் ஊருக்கென்று ஒரு எம்.பி. இருந்தார்." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரு முக்கியமான விடயத்தைத் தவறவிடுகின்றன. தேர்தல் முறையின் பெயரை வைத்து ஒரு சமூகம் வாழ்வதுமில்லை, அழிவதுமில்லை. அந்த முறைக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் வாசகங்கள்தான் கதவைத் திறக்கின்றன, மூடுகின்றன. நமது நாட்டு வரலாறே இதற்குச் சாட்சி.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம்.

1947 முதல் 1977 வரை எட்டுப் பொதுத் தேர்தல்கள் தொகுதி முறையில் நடந்தன. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் எம்.பி. தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் விபரீதம் தெரியும். தரம் 11 பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வியில் இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினால், "சேர், எங்கேயோ பிழை எழுதிட்டீங்க" என்பார்கள்.

1956: ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 28 சதவீத வாக்கு. கிடைத்தது 95இல் 8 ஆசனங்கள். ஜே.ஆர். ஜயவர்தனவே களனியில் தோற்றார்.

1960 ஜூலை: ஐ.தே.க.வுக்கு 37 சதவீதத்துக்கு மேல், சுதந்திரக் கட்சிக்கு 33 சதவீதத்துக்கு மேல். ஆசனங்களோ ஐ.தே.க.வுக்கு 30, சுதந்திரக் கட்சிக்கு 75.

1970: ஐ.தே.க. 37.9 சதவீதம், 17 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி 36.9 சதவீதம், 91 ஆசனங்கள். வாக்கில் முன்னுக்கு நின்ற கட்சிக்கு ஆசனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

1977: ஐ.தே.க. 50.9 சதவீதம், 168இல் 140 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம், வெறும் 8 ஆசனங்கள். அதைவிடப் பல மடங்கு குறைவான வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள். அதனால்தான் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1960 ஜூலையிலும் 1970இலும் சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு உடன்பாடு செய்து சில தொகுதிகளை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே அதன் வாக்கு வீதம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால் 1970இல் சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றின் வாக்கையும் கூட்டினாலும் 49 சதவீதமளவுதான் வருகிறது. ஆசனங்களோ 151இல் 116. பாதிக்கும் குறைந்த வாக்கு, மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட ஆசனம்.

இந்த எண்களை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பெரும்பான்மைகளை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1970இல் கிடைத்த பலத்தை வைத்து 1972 குடியரசு யாப்பு வந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று தடுத்திருந்தது. அந்தப் பாதுகாப்பு 1972 யாப்பில் இல்லாமல் போனது. 1970இல் ஐந்து வருடத்துக்கென்று தெரிவான பாராளுமன்றம், புதிய யாப்பைக் காட்டித் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது.

1977இல் கிடைத்த ஆறில் ஐந்து பலத்தை வைத்து 1978 யாப்பும் நிறைவேற்று ஜனாதிபதி முறையும் வந்தன. 1980இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, அந்தப் பாராளுமன்றமும் தன் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டது. விகிதப்படி பங்கிட்டிருந்தால் 1977இல் ஐ.தே.க.வுக்கு 85 அல்லது 86 ஆசனங்கள்தான் வந்திருக்கும். ஆட்சி செய்யப் போதும். யாப்பைத் தனியாக மாற்றப் போதாது.

முறை வேறாக இருந்திருந்தால் மக்களும் வேறுவிதமாக வாக்களித்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பின் நாமாக எழுதிக்கொண்ட இரண்டு யாப்புகளும் தொகுதி முறை ஊதிப் பெருப்பித்த பெரும்பான்மையின் பிள்ளைகள்.

அப்படியானால் தொகுதி முறையில் சிறுபான்மை முற்றாக நசுங்கிப் போனதா? இல்லை. கதை சுவாரஸ்யமாவது இங்கேதான்.

சோல்பரி யாப்பை எழுதியவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருந்தது. 1931இல் டொனமூர் யாப்பு, இனவாரியாக ஆட்களைத் தெரிவுசெய்யும் பழைய முறையை ஒழித்து சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. சிதறி வாழும் ஒரு சமூகத்துக்கு அந்த மாற்றத்தில் இருந்த சிக்கலும் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே சோல்பரி முறைக்குள் இரண்டு சின்ன ஏற்பாடுகளை வைத்தார்கள். முதலாவது, 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஒவ்வொரு 1000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் கூடுதலாகக் கொடுத்தார்கள். சனம் குறைந்த, நிலம் பரந்த வடக்குக்கும் கிழக்குக்கும் அதனால் ஆசனம் கூடியது. இரண்டாவது, பல அங்கத்தவர் தொகுதி. இரண்டு சமூகங்கள் கலந்து வாழும் இடத்தைத் துண்டாடாமல், ஒரே தொகுதியாக வைத்து அதற்கு இரண்டு அல்லது மூன்று எம்.பி.மார்.

1976 எல்லை நிர்ணயத்தின்படி 160 தொகுதிகள். அவற்றில் ஆறு பல அங்கத்தவர் தொகுதிகள்: கொழும்பு மத்தி 3, நுவரெலியா-மஸ்கெலியா 3, பேருவளை 2, ஹாரிஸ்பத்துவ 2, மட்டக்களப்பு 2, பொத்துவில் 2. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். ஹாரிஸ்பத்துவவில் ஏ.சி.எஸ். ஹமீத், பேருவளையில் பாக்கிர் மாக்கார், நுவரெலியா-மஸ்கெலியாவில் தொண்டமான், பொத்துவிலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும். தொகுதி முறை நமக்கு ஆட்களைத் தந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்த ஆட்களில் கணிசமானோர் இந்தச் சின்ன வாசகம் திறந்த கதவால் வந்தவர்கள்.

அதே முறை மலையக மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஆசனங்களை வென்றது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் அவர்களின் வாக்குரிமை போனது. 1952இல் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது பிரஜை, பிரஜையல்லாதவர் என்று பார்க்காமல் மொத்தச் சனத்தொகையைத்தான் எண்ணினார்கள். அதாவது தோட்டத் தொழிலாளியின் தலையை எண்ணி ஆசனம் கொடுத்தார்கள், அந்த ஆசனத்துக்கு வாக்களிக்க அவனை விடவில்லை. அந்தக் கூடுதல் ஆசனங்கள் அயலிலிருந்த கண்டிய சிங்கள வாக்காளருக்குப் போய்ச் சேர்ந்தன. தொண்டமான் மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் வர 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு மூன்று அங்கத்தவர் தொகுதியில்.

இனி ஜே.ஆரின் "கொடை"க்கு வருவோம்.

ஜே.ஆர். ஏன் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார்? அவர் கட்சியின் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். வாக்கில் ஐ.தே.க. எப்போதும் பலமான கட்சி. தோற்ற தேர்தல்களிலும் அதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. ஆசனத்தில்தான் அடி வாங்கியது. விகிதாசாரம் வந்தால் ஐ.தே.க. ஒருநாளும் 8, 17 என்று சுருங்காது. அதேநேரம் 1970இல் எதிரிகளுக்குக் கிடைத்தது போன்ற பெரும்பான்மை இனி அவர்களுக்கு இலகுவில் கிடைக்காது. தான் எழுதிய யாப்பு பூட்டப்பட்டு, சாவி பத்திரமாக இருக்கும்.

அதில் சிறுபான்மைக் கட்சிகளுக்கு என்ன இருந்தது? ஒரு பூட்டு இருந்தது. அதன் பெயர் வெட்டுப்புள்ளி. ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வாக்குப் பெறாத கட்சிக்கு அங்கே ஓர் ஆசனமும் இல்லை. அதன் வாக்குகள் கணக்கிலிருந்தே நீக்கப்படும்.

12.5 என்றால் என்ன? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் பெரும்பகுதியினர் கிழக்குக்கு வெளியே. கொழும்பில் பத்து சதவீதத்தைச் சுற்றி, களுத்துறையில் ஒன்பதளவில், குருநாகலில் ஏழளவில். இந்த மாவட்டங்களில் ஒரு முஸ்லிம் விடாமல் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தாலும் 12.5ஐத் தொட முடியாது. கண்டியில் மயிரிழையில் தொடலாம். அதுவும் வீட்டில் ஒருவர்கூடப் படுத்திருக்கக் கூடாது! கிழக்குக்கு வெளியே சிறிய கட்சியொன்று முளைக்கவே முடியாதபடி எழுதப்பட்ட விகிதாசாரம் அது. இடதுசாரிகளுக்கும் அதே பூட்டுத்தான்.

1978 முதல் 1988 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது இந்த விகிதாசாரம். 1982 வாக்கெடுப்பால் பொதுத் தேர்தல் நடக்காததால் அது பரீட்சிக்கப்படாமலே கிடந்தது. 1988 மே மாதம் 14ஆவது திருத்தம் வந்து பாராளுமன்றத்தை 225 ஆக்கியது. மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியலிலிருந்து 29. வெட்டுப்புள்ளி அப்போதும் எட்டில் ஒன்று.

அந்த வருடக் கடைசியில்தான் திருப்பம். 1981இல் காத்தான்குடியில் தொடங்கி 1986இல் அரசியல் கட்சியாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 17 ஆசனங்களை வென்றிருந்தது. டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். பிரேமதாசவுக்கும் ஸ்ரீமாவோவுக்கும் கடும் போட்டி. தெற்கில் ஜே.வி.பி.யின் பயங்கரம், வடகிழக்கில் போர். ஒவ்வொரு வாக்கும் பொன். எம்.எச்.எம். அஷ்ரப் பிரேமதாசவிடம் பேரம் பேசினார். அவர் கேட்டவற்றில் நிலைத்து நின்றது அமைச்சுப் பதவியல்ல, வெட்டுப்புள்ளியைக் குறைப்பது. டிசம்பர் 17ஆம் திகதி, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 15ஆவது திருத்தம் சட்டமானது. எட்டில் ஒன்று இருபதில் ஒன்றானது. 12.5 என்பது 5 ஆனது. பிரேமதாச 50.4 சதவீதத்தில், அதாவது நூலிழையில் வென்றார்.

ஆகவே விகிதாசாரத்தைத் தந்தவர் ஜே.ஆர். என்பது சரி. அதில் நாம் நுழையக்கூடிய கதவை வைத்தது ஜே.ஆர். அல்ல. ஒரு சட்டத்தரணி சட்டத்தின் எந்த வரியைத் திருத்தக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டதால் வந்தது அந்தக் கதவு. அஷ்ரபின் மற்ற அரசியல் முடிவுகளில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த ஒன்றில் அவர் செய்த வீட்டுப்பாடத்தை மதிக்காமல் இருக்க முடியாது.

1989 பெப்ரவரி 15ஆம் திகதி விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல். முஸ்லிம் காங்கிரஸுக்கு 4 ஆசனங்கள். 1994இல் 7. அந்த வருடம் சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், ஆட்சிக்குத் தேவை 113. நாடு முழுவதும் 1.8 சதவீத வாக்குப் பெற்ற ஒரு கட்சியின் ஏழு பேர் இல்லாமல் அரசாங்கம் அமைக்க முடியாத நிலை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது அந்த ஆட்சிக் காலத்தில்தான். இன்று நம் பாடசாலைகளில் கற்பிக்கும் எத்தனை ஆசிரியர்கள் அங்கே பட்டம் பெற்றவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இது முஸ்லிம்களின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஐந்து சதவீதத்தால் அதிகம் பயனடைந்தவர்களில் இன்றைய ஆளும் கட்சியும் ஒன்று. 2020 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது மூன்றே ஆசனங்கள்: கொழும்பில் ஒன்று, கம்பஹாவில் ஒன்று, தேசியப் பட்டியலில் ஒன்று. கொழும்பில் அதன் வாக்கு ஆறு சதவீதத்துக்கும் குறைவு. கம்பஹாவில் ஐந்தை மயிரிழையில் தாண்டியது. பழைய 12.5 இருந்திருந்தால் இரண்டு மாவட்டங்களிலும் பூச்சியம். அனுர குமார திசாநாயக்க கொழும்பிலிருந்து பாராளுமன்றம் போயிருக்க முடியாது. நான்கு வருடம் கழித்து அதே கட்சிக்கு 159 ஆசனங்கள். இன்று சின்னதாகத் தெரியும் ஒரு குரல் நாளை நாட்டின் குரலாகலாம். அதுவரை அது உயிரோடு இருக்க இடம் கொடுப்பதுதான் வெட்டுப்புள்ளியின் வேலை.

சரி, அப்படியென்றால் இப்போதுள்ள முறை நமக்குப் பொன்னாடையா? இல்லை. இதிலும் மூன்று குறைகளைப் பார்த்தேயாக வேண்டும்.

முதலாவது, சட்டத்தில் எழுதாத ஒரு வெட்டுப்புள்ளி இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிச்ச ஆசனங்களைத்தான் விகிதப்படி பிரிப்பார்கள். கொழும்பில் 18 ஆசனம் என்றால் போனஸ் போக 17. ஏறத்தாழ ஆறு சதவீதத்துக்கு ஓர் ஆசனம். திருகோணமலையில் 4 ஆசனம், போனஸ் போக 3. ஓர் ஆசனத்தின் முழு விலை 33 சதவீதம். மீதி வாக்கு அடிப்படையில் அதைவிடக் குறைவாகவும் ஓர் ஆசனம் கிடைக்கலாம், ஆனால் ஐந்து சதவீதம் அங்கே வெறும் காகிதத்து எண். மாவட்டம் சிறிதாகச் சிறிதாக விகிதாசாரம் தொகுதி முறையைப் போலவே நடந்துகொள்ளும்.

இரண்டாவது, புத்தளம். தொகுதி முறைக் காலத்தில் புத்தளம் தொகுதியிலிருந்து எச்.எஸ். இஸ்மாயில் தெரிவாகி 1956இல் சபாநாயகரானார். 1977இல் நெய்னா மரிக்கார் தெரிவானார். விகிதாசாரம் வந்து தொகுதி மாவட்டத்துக்குள் கரைந்தது. மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்களவு முஸ்லிம்கள் இருந்தும், வாக்குகள் பல பட்டியல்களில் சிதறி, மூன்று தசாப்தங்களாக மக்கள் வாக்கால் ஒரு முஸ்லிம் எம்.பி. தெரிவாகவில்லை. 2020இல் பிரிந்து நின்ற கட்சிகள் தராசுச் சின்னத்தில் ஒன்றாக நின்றபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது. விகிதாசாரம் தானாக ஆசனம் தராது என்பதற்குப் புத்தளத்தைவிட நல்ல பாடம் இல்லை.

மூன்றாவது, பெரும்பான்மையை ஊதிப் பெருப்பிப்பது இந்த முறையிலும் உண்டு. 2020இல் பொதுஜன பெரமுன 59 சதவீத வாக்குக்கு 145 ஆசனங்கள் பெற்றது. 2024இல் தேசிய மக்கள் சக்தி 61.5 சதவீத வாக்குக்கு 159. 22 மாவட்டங்களில் 21ஐ வென்றதால் 21 போனஸ் ஆசனங்கள் அதற்கே போயின. விகிதாசாரத்தில் மூன்றில் இரண்டு கிடைக்காது என்று நாம் படித்த பாடம் இனிச் செல்லாது. ஆனாலும் 1970ஐ நினைத்துப் பாருங்கள். அன்று 49 சதவீதம் போதுமாக இருந்தது. இன்று அறுபதைத் தொட வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசம் சிறியதல்ல.

விருப்பு வாக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழித்து, மாவட்டம் முழுக்கப் பணத்தை இறைக்கும் போட்டி அது. காசுள்ளவர் வெல்கிறார், கிராமத்து நல்ல மனிதர் ஒதுங்கிக்கொள்கிறார். எம்.பி.யைத் தேடி மாவட்டத்தின் மறு கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. "எங்கள் தொகுதிக்கு ஒருவர் வேண்டும்" என்று தெற்கில் ஒரு சிங்களக் கிராமத்தவர் கேட்டால் அதை இனவாதம் என்று நாம் உடனே தள்ளிவிடக் கூடாது. அது நியாயமான கோரிக்கை. நம் ஊர்களிலும் அதே ஏக்கம் இருக்கிறது.

அதனால்தான் இரண்டையும் சேர்க்கும் கலப்பு முறை பற்றிய பேச்சு 2003இலிருந்து ஓயவில்லை. உள்ளூராட்சி சபைகளில் அது வந்தும்விட்டது. 2018 பெப்ரவரியில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்று தேர்தல் நடந்தது. உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்காகி எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல் தவிசாளர் தெரிவு ஏலமானது.

மாகாண சபையின் கதை இன்னும் கசப்பானது. 2017 செப்டெம்பரில், பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று கொண்டுவந்த சட்டமூலத்துக்குள் குழுநிலையில் திருத்தங்களைச் செருகி, முழுத் தேர்தல் முறையையும் 50க்கு 50 கலப்பாக மாற்றினார்கள். சிறுபான்மைக் கட்சிகளும் பேரம் பேசிவிட்டு ஆதரவாகக் கை உயர்த்தின. எல்லைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சர்கூட ஆதரிக்கவில்லை. பழைய முறை இல்லாமலாக்கப்பட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை, தேர்தலும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்திருந்தது. எல்லைக்கோடு இல்லாத சட்டத்துக்குக் கை உயர்த்தினால் என்ன நடக்கும் என்பதை நாம் அனுபவித்தே அறிந்திருக்கிறோம்.

நாளை பாராளுமன்றத்துக்கும் ஒரு கலப்பு முறை வரலாம். அப்போது "தொகுதியா விகிதாசாரமா" என்று கத்துவதைவிட, பிரதியை எடுத்து இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

ஒன்று. பட்டியல் ஆசனங்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 100 ஆசனச் சபை, 60 தொகுதி, 40 பட்டியல் என்று வைப்போம். ஒரு கட்சி 45 சதவீத வாக்கில் 50 தொகுதிகளை வெல்கிறது. மொத்தத்தையும் விகிதத்துக்குச் சரிசெய்யும் முறையென்றால் அதற்கு இனிப் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது, 50இல் நிற்கும். ஜெர்மனியும் நியூசிலாந்தும் பின்பற்றுவது இந்த வகை. பட்டியலைத் தனியாகப் பங்கிடும் முறையென்றால் 40இல் 45 சதவீதமாக இன்னும் 18 கிடைக்கும். மொத்தம் 68. மூன்றில் இரண்டு தாண்டிவிட்டது! பெயர் இரண்டுக்கும் "கலப்பு முறை"தான். ஒன்று நமக்கு வழிவிடும். மற்றது 1970ஐப் பின்கதவால் கொண்டுவரும்.

இரண்டு. வெட்டுப்புள்ளி எத்தனை, அதை எங்கே அளக்கிறார்கள்? ஐந்து சதவீதம் என்றவுடன் நிம்மதியடைய வேண்டாம். மாவட்டத்தில் ஐந்து வேறு, நாடு முழுவதும் ஐந்து வேறு. நியூசிலாந்தில் நாடளாவிய ஐந்து சதவீதம்தான், ஆனால் ஒரு தொகுதியை வென்ற கட்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாமல் இங்கே கொண்டுவந்தால், 1994இல் ஆட்சியைத் தீர்மானித்த அந்த 1.8 சதவீதக் கட்சிக்குப் பட்டியலில் எதுவும் இருந்திருக்காது.

மூன்று. பல அங்கத்தவர் தொகுதிகள் உண்டா? எத்தனை, எங்கே? சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத்தவருக்கும் கிழக்கின் கலப்புப் பிரதேசங்களுக்கும் இதுதான் பழைய முறை விட்டுச்சென்ற நல்ல சொத்து.

நான்கு. எல்லைகளை யார், எப்போது வரைகிறார்கள்? சட்டம் நிறைவேற முன்னரா, பின்னரா? பின்னர் என்றால், 2017ஐ நினைவில் வையுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்பது நம் சமூகத்துக்கு மட்டும் பங்கு கேட்பதாகாது. யாழ்ப்பாணத்தில் சிறிய கட்சிக்கு வாக்களிக்கும் தமிழருக்கும், மாத்தறையில் இன்னும் கட்சியே பதியாத ஓர் இளைஞர் குழுவுக்கும், 1977இல் முப்பது சதவீத வாக்கை அளித்துவிட்டு எட்டு எம்.பி.மாரைப் பார்த்த சிங்கள விவசாயிக்கும் இது பொருந்தும்.

1988இல் ஒரு சமூகத்தின் பாதையை மாற்றியது, சட்டப் புத்தகத்தில் "எட்டில் ஒன்று" என்பதை "இருபதில் ஒன்று" என்று மாற்றிய ஒரு திருத்தம். அன்று அந்த வரியை வாசித்தவர் ஒருவர் இருந்தார். அடுத்த பிரதி வரும்போது அதை வாசிப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், ஏ.எல். அரசறிவியல் படிக்கும் பிள்ளைகள், சட்டக் கல்லூரியில் இருப்பவர்கள், எல்லோருக்கும்தான் சொல்கிறேன். தலைவர்கள் கை உயர்த்திவிட்டு வந்த பிறகு மேடையில் திட்டுவது இலகு. அதற்கு முன் அவர்களிடம் இந்த நான்கு கேள்வியையும் எழுத்தில் கேட்பதுதான் பயனுள்ள வேலை.

உங்கள் மாவட்டத்தில் ஓர் ஆசனத்தின் விலை எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மொத்த ஆசனத்தில் ஒன்றைக் கழித்து, நூறை அதனால் பிரித்தால் விடை வரும்.